பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

மாசி 9, புதன்

காலை: இட்லி ஒன்று, பாலில் ஊறப்போட்டது. பாதி இறங்கியது. மதியம்: ரசம் சோறு, கரைத்துக் குடித்தது. சாயங்காலம்: டீ, ஒரு ரஸ்க். ரஸ்க் நெஞ்சில் நின்றுகொண்டது. தண்ணீர் குடித்தும் போகவில்லை. ஒரு வாந்தி.

வேலூர் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற அம்மா தினமும் இப்படி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். அதுவும் கோலம் இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுக்கக் கற்றது. அதனால் சொல்வது நான், எழுதுவது மருமகள் தமயந்தி. ஷூ கம்பெனியிலிருந்து வந்து, உலை வைத்துவிட்டு, அது கொதிக்கிற வரைக்கும் எழுதுகிறாள்.

"அவ்ளோதானா மாமா? நாள் பூரா இதுதான் நடந்துச்சா?" என்றாள்.

வேறும் நடந்தது. தேசிங்கு வந்தான். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, "இன்னாடா கோழி, கூண்டுலதான் கீறியா?" என்று கேட்டான். சேற்றைக் கழுவிவிட்டு உள்ளே வா எருமை என்றேன். தெருவில் எல்லோரும் கேட்டுப் பழகிவிட்டார்கள். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெண் மட்டும் சண்டை என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது.

மாசி 10, வியாழன்

காலை: ராகிக் கூழ். இறங்கியது. மதியம்: அதே கூழ்.

நேற்று எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். கோழி, எருமை என்றால் ஆஸ்பத்திரி அம்மாவுக்கு என்ன புரியும் என்று தமயந்தி கேட்டாள். நியாயம்தான். சொல்கிறேன், எழுது.

நானும் தேசிங்கும் குடியாத்தம் பக்கம்தான் என்றாலும் ஒருவரை ஒருவர் பார்த்தது வடக்கே, யமுனைக் கரையில். குடை கட்டி விமானத்திலிருந்து குதிக்கிற பட்டாளம் இரண்டு அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் ஒன்றில் சமையல்காரன். அவன் இன்னொன்றில் சிப்பாய். குதிக்கிற பட்டாளத்தில் சமையல்காரனும் குதிக்க வேண்டும். முடி வெட்டுகிறவன், துணி வெளுக்கிறவன், எல்லோரும். குதிக்காதவனுக்கு அந்தப் பட்டாளத்து மெரூன் தொப்பி கிடையாது.

ஒரு பயிற்சியில் காற்று மாறி அடித்து, எங்கள் ஆட்கள் பாதிப் பேர் ஒரு கோழிப்பண்ணைத் தகரக் கூரையில் போய் விழுந்தார்கள். அன்று முதல் நாங்கள் கோழிப் பட்டாளம். றெக்கை இருக்கும், பறக்கத் தெரியாது என்று அவர்கள் சொல்வார்கள். அதே வருஷம் மழைக்காலத்தில் அவர்கள் எருமை ஊறுகிற குட்டையில் இறங்கினார்கள். எழுந்து வந்ததில் எது எருமை எது ஆள் என்று தெரியவில்லை. அவர்கள் எருமைப் பட்டாளம் ஆனார்கள். இந்தியில் முர்கி, பைன்ஸ். நாங்கள் இரண்டு பேர் மட்டும் தமிழில் வைத்துக்கொண்டோம்.

எங்கள் பட்டாளத்தின் பிறந்த நாளுக்கு அவர்கள் ஒரு கூடை முட்டை அனுப்பி, "உங்கள் குழந்தைகளுக்கு வாழ்த்து" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒரு நிஜ எருமையைப் பிடித்து, கொம்பில் மெரூன் தொப்பி மாட்டி, அவர்கள் வாசலில் கட்டினோம். அந்த எருமை அவர்கள் சுபேதார் வரும்போது மட்டும் எழுந்து நின்றது. முட்டையை என்ன செய்தீர்கள் என்று தமயந்தி கேட்டாள். ஆம்லெட் போட்டேன். வேறென்ன செய்வது.

மாசி 13, ஞாயிறு

ஆப்பம். நடுப்பகுதி இறங்கியது, ஓரம் இறங்கவில்லை.

மாசி 15, செவ்வாய்

ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொல்லி, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு துண்டு கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

மகன் தயாளன் ஒரு நாள் லீவு போட்டு வந்திருந்தான். தேசிங்கும் வந்தான். ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு என்பது அவனுக்குத்தான் தெரியும். அவன் மனைவியை இங்கேதான் ஒரு வருஷம் கொண்டுவந்து போனான். அவளைக் 'கலெக்டர்' என்றுதான் கடைசிவரை கூப்பிட்டான். தயாளன் அவனுக்கு 'டயர்'. குழந்தையில் கை கால் மடிப்பு மடிப்பாக இருக்கும். இப்போது காய்ந்துபோன நாற்பத்தைந்து வயது ஆள், இன்னும் டயர்தான். தமயந்தி 'ரேடியோ'. எழுது, உன் பட்டப்பெயர்தானே. ஐம்பது வருஷமாக அவன் வாயிலிருந்து ஒரு ஆளின் சொந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை. போன மாதம் பாங்கில் மேனேஜரை 'தலைப்பா' என்று கூப்பிட்டுவிட்டான். அவர் தலைப்பாகை கட்டுகிறவர் இல்லை. ஏன் அப்படிக் கூப்பிட்டாய் என்றால், கட்டினால் நன்றாக இருக்கும் என்கிறான்.

மாசி 22, செவ்வாய்

காலை: பால். மதியம்: பால். 

ரிசல்ட் சொல்ல உள்ளே கூப்பிட்டார்கள். தயாளன், "நீ ஒக்காருப்பா, நடக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தேசிங்கை அழைத்துக்கொண்டு போனான். நானும் தமயந்தியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு ஆந்திராக்காரர் பெரிய டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு புளிசோறு சாப்பிட்டார். வாசனையை வைத்துச் சொன்னேன், பெருங்காயம் அதிகம். தமயந்தி சிரித்தாள்.

வெளியே வந்ததும் தயாளன் சொன்னான்: "புண்ணுதாம்பா. உணவுக்குழாயில புண்ணு. ஆபரேஷன் பண்ணி அந்தப் புண்ண எடுத்துட்டா சரியாப்பூடும்." சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

தேசிங்கு என் பின்னால் வந்து நின்றான். தோளில் கை வைத்தான்.

"முனிரத்தினம்," என்றான்.

அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் தமயந்தி சொன்னாள், "பாத்தீங்களா மாமா, ஆஸ்பத்திரின்னதும் எருமை மாமாவுக்கு மரியாத வந்துடுச்சு. பேரச் சொல்லிக் கூப்புடறாரு." ஆமாம், வந்துவிட்டது என்றேன்.

மாசி 23, புதன்

கஞ்சி. வேறு ஒன்றும் இல்லை.

மாசி 25, வெள்ளி

காலை: கஞ்சி. மதியம்: மோர்.

சிவராத்திரி. கோயிலில் மைக் கட்டிப் பாடுகிறார்கள். நான் இன்று உட்கார்ந்து சில வேலைகளை முடித்தேன். சமையலறைக்கு மேல் ஒரு தகரம் தூக்கிக்கொண்டிருந்தது. ஆளைக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொன்னேன். பென்ஷன் புத்தகம், ஆதார், என் மனைவி இறப்புச் சான்று எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருக்கிறது என்று தமயந்தியிடம் காட்டினேன். வீட்டில் வளர்த்த பெட்டைக் கோழி இரண்டையும் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்திய பெண்தான். "எதுக்குத் தாத்தா?" என்று கேட்டது. சத்தம் தாங்கவில்லை என்றேன்.

தமயந்தி இதை எழுதும்போது தலை நிமிரவில்லை. இப்போதெல்லாம் அவள் ரேடியோ மாதிரிப் பேசுவதும் இல்லை. கம்பெனியில் வேலை அதிகமாம். கண் சிவந்திருக்கிறதே என்றால் தோல் ஒட்டுகிற பசையின் நெடி என்கிறாள். இருக்கலாம்.

மாசி 27, ஞாயிறு

தேசிங்கைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நானே சமைத்தேன். இரண்டு கிலோ ஆட்டுக்கறி, சீரகச் சம்பா அரிசி. தமயந்தி வெங்காயம் மட்டும் நறுக்கினாள். தம் போட்டுவிட்டு, மூடியின்மேல் நெருப்புக் கங்குகளை அள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உப்பு சரியாக விழுந்தது. உப்புப் பார்க்க வாயில் ஒரு பருக்கை வைத்துத் துப்பினேன்.

தேசிங்கு வந்தான். வாசலில் ஒன்றும் சொல்லவில்லை. இலையில் போட்டேன். சாப்பிட்டான். எனக்கு எதிரே பால் டம்ளர்.

நான் சும்மா இருக்கவில்லை. எருமைக்குப் பிரியாணி போட்டால் வைக்கோல் இல்லையா என்று கேட்கும் என்றேன். சிரித்தான். முட்டைக் கூடையை ஞாபகப்படுத்தினேன். உங்கள் சுபேதாரைப் பார்த்து எருமை எழுந்து நின்றதைச் சொன்னேன். அவன் அதற்கு எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பான். எங்கள் ஆட்கள் கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டு கொக்கரித்ததை நடித்துக் காட்டுவான். இன்று நடிக்கவில்லை.

கடைசியில் நேராகவே கேட்டேன். "டேய் எருமை. கறி எப்படி கீது? கோழி கையால சமைச்சது. சொல்லு."

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்லா கீது, முனிரத்தினம்," என்றான்.

எழுந்து கை கழுவப் போய்விட்டான். இலையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவன் சோற்றை வீணாக்குகிறவன் இல்லை.

மாசி 28, திங்கள்

காலை: பால். மதியம்: பால், பாதி.

இன்று கொஞ்சம் பெரிதாகச் சொல்லப் போகிறேன். உலை வழிந்தாலும் பரவாயில்லை, எழுது.

விமானத்திலிருந்து குதிக்கும்போது வரிசையாக நிற்க வேண்டும். குடை முதுகில் இருக்கும். அதைத் திறக்கிற நாடாவை மேலே ஓடுகிற கம்பியில் கொக்கி போட்டு மாட்டுவோம். குதித்ததும் நாடா இழுத்துக் குடையைத் திறக்கும். தன் முதுகைத் தான் பார்க்க முடியாது இல்லையா. பின்னால் நிற்கிறவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டப்படி அவன் தோளில் தட்டி ஓகே சொல்ல வேண்டும்.

இரண்டு பட்டாளமும் கலந்து குதிக்கிற நாட்களில் ஒரு கோழி, ஒரு எருமை, ஒரு கோழி என்று மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். யார் சீக்கிரம் இறங்கி ஓடிச் சேருகிறார்கள் என்று போட்டி. அப்போது நாங்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். முதுகில் எல்லாம் சரியாக இருந்தால் தோளில் தட்டி, "போடா முர்கி", "போடா பைன்ஸ்" என்று திட்டி அனுப்புவோம். திட்டு கேட்டால் பயமில்லை, குதிக்கலாம். ஏதாவது கோளாறு இருந்தால் திட்டக்கூடாது. அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இரைச்சலில் வேறு எதுவும் காதில் ஏறாது, சொந்தப் பெயர் ஏறும். பெயரைக் கேட்டவன் வரிசையை விட்டு விலகி நிற்க வேண்டும். அதிகாரிகளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

எங்களுடைய கோழிப் பட்டாளத்துக்கு அப்பலநாயுடு என்று ஸ்ரீகாகுளத்துப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். நல்ல சிவப்பு, மெல்லிய மீசை. முர்கி என்றால் அவனுக்குக் கோபம் வரும். "என் தாத்தா பேரு எனக்கு வச்சிருக்கு, அதச் சொல்லிக் கூப்புடு" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். தேசிங்கிடமும் போய்ச் சொன்னான். தேசிங்கு அன்றைக்கு முழுக்க அவனைப் பார்த்துக் கொக்கரித்தான். விமானத்து வழக்கத்தை நாங்கள் அவனுக்குச் சொல்லாமல் இல்லை. இரண்டு பேர் சொன்னோம். அதுவும் கிண்டல் என்று நினைத்துவிட்டான்.

அன்று கதவுப் பக்கம் அப்பலநாயுடு. அவன் பின்னால் தேசிங்கு. தேசிங்கு பின்னால் நான். நான் தேசிங்கு முதுகைப் பார்த்தேன், சரியாக இருந்தது, எருமை என்றேன். தேசிங்கு முன்னால் பார்த்தான். அப்பலநாயுடுவின் நாடா தோள்வாருக்கு அடியில் புகுந்து சுற்றியிருந்தது. எனக்கும் தெரிந்தது.

தேசிங்கு தோளைப் பிடித்து, "அப்பலநாயுடு!" என்று கத்தினான்.

அந்தப் பையன் திரும்பினான். அவன் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அவ்வளவு சந்தோஷம். கடைசியில் இந்த எருமையும் என் பெயரைச் சொல்லிவிட்டானே என்று. சிரித்துக்கொண்டே ஒரு சல்யூட் வைத்தான். குதிக்கச் சொல்கிற பச்சை விளக்கு எரிந்தது. போய்விட்டான். தேசிங்கு எட்டிப் பிடித்தான். கையில் ஒன்றும் இல்லை.

பின்னால் தேசிங்கு குதித்தான். பின்னால் நான். அந்தப் பையனின் குடை திறக்கவில்லை. குடையில் தொங்கிக்கொண்டு வரும்போது கீழே பார்க்காமல் இருக்க முடியாது. எனக்காவது தேசிங்கு குடை நடுவில் மறைத்தது. அவனுக்கு நடுவில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நின்றுவிட்டது. தேசிங்கு மட்டும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். சொந்தப் பெண்டாட்டியைக்கூட.

இப்போது சொல், தமயந்தி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவன் என்னை என்னவென்று கூப்பிட்டான்?

தமயந்தி பேனாவை வைத்துவிட்டாள். உலை வழிந்து அடுப்பு அணைந்தது. போய்ப் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுதினால்தான் மேலே சொல்வேன் என்றேன். எழுதுகிறாள்.

தேசிங்கு மேல் தப்பு இல்லை. என்னிடம் சொல்லக்கூடாது என்று தயாளன் அவனிடம் சத்தியம் வாங்கியிருப்பான். அவன் சொல்லவில்லை. பெயரைத்தான் சொன்னான்.

மாசி 29, செவ்வாய்

தயாளன் என் காலடியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னான். புற்று. உணவுக்குழாயில் கீழ்ப்பக்கம். கல்லீரல் ஓரத்திலும் ஒரு புள்ளி தெரிகிறதாம், அது என்ன என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அறுத்தால், என் வயதுக்கு, என் இருதயத்துக்கு, எழுந்து வருவது பாதிக்குப் பாதி. அறுக்காவிட்டால் வயிற்றில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றலாம், கொஞ்ச மாதம்.

"எனக்கு நீ வேணும்பா. பண்ணிக்கலாம்பா," என்றான். சின்னப் பிள்ளையில் மிட்டாய் கேட்கிற குரல்.

சரி என்றேன். ஒரே ஒரு விஷயம் கேட்டேன். தேசிங்கு கூட வர வேண்டும், டாக்டர்கள் சொல்வது எல்லாவற்றையும் அவனும் கேட்க வேண்டும். என் முதுகு எனக்குத் தெரியாது.

பங்குனி 4, ஞாயிறு

வேலூரில் சேர்த்துவிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய். சாப்பாடு என்று எழுத ஒன்றும் இல்லை. கையில் ஏறுகிற பாட்டிலை எழுதலாமா என்று தமயந்தி கேட்டாள். அதில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். நர்ஸ் பெண் சிரித்தது.

வார்டில் பக்கத்துக் கட்டில் காலியாகிவிட்டது. காலையில் ஆள் இருந்தார்.

பங்குனி 5, திங்கள்

நாளை காலை ஆபரேஷன். 

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார், ஊதச் சொன்னார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். கட்டிலில் ஏறினாலே வாங்கும் என்றேன். வெளியே போய்த் தயாளனிடம் பேசினார். தேசிங்கும் பக்கத்தில் நின்றான். கண்ணாடிக் கதவு. பேச்சு கேட்காது, ஆள் தெரியும். தயாளன் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். தேசிங்கு டாக்டரிடம் ஏதோ ஒன்று கேட்டான். டாக்டர் அவன் கையைப் பிடித்தார்.

உள்ளே வந்து, நாளைக்குக் கதவு வரை வருகிறேன் என்று மட்டும் தேசிங்கு சொன்னான். மெரூன் தொப்பியைப் பைக்குள் வைத்திருந்தான். போடவில்லை, வைத்திருந்தான்.

பங்குனி 6, செவ்வாய்

தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பச்சை உடுப்பு, பச்சைத் துணி. ஒரு பக்கம் தயாளன், ஒரு பக்கம் தமயந்தி. தலைமாட்டில் தேசிங்கு நடந்து வந்தான். அவன் முகம் எனக்குத் தெரியாது, செருப்புச் சத்தம் மட்டும் தெரியும். பெரிய கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. சொந்தக்காரர்கள் இங்கேயே நிற்க வேண்டும் என்றார்கள்.

நான் காத்திருந்தேன். ஒரு திட்டு போதும் எனக்கு. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். இதை உள்ளபடி எழுது.

தோளில் கை வந்தது. அந்தக் கை ஆடியது.

"முனிரத்தினம்."

நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தம்பி, நிறுத்து, நான் வரவில்லை என்றேன். பயப்படாதீங்க தாத்தா என்றார்கள். பயம் இல்லை, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கு மூச்சும் இல்லை. பெரிய டாக்டர் வெளியே வந்தார். வேண்டாம் என்று என் வாயால் இரண்டு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். என்னுடைய ஒரே இழுப்புக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை.

தயாளன்தான் தேசிங்கின் சட்டையைப் பிடித்துவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால்.

"நீ யாருய்யா சொல்றதுக்கு? எங்க அப்பன கொன்னுட்டியே."

தேசிங்கு சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. நின்றான். அவன் பை கீழே விழுந்து தொப்பி வெளியே வந்தது. தமயந்தி அதை எடுத்துத் தூசி தட்டினாள்.

பங்குனி 20, செவ்வாய்

வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சியை வடிகட்டி அதில் ஊற்றுகிறாள் தமயந்தி. வாய்க்கு வேலை இல்லை. உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் வயிறு நிறைகிறது. நாற்பது வருஷம் சமைத்தவனுக்கு இது ஒரு விதமான சாப்பாடு.

தேசிங்கு வருவதில்லை. தயாளன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். தெருமுனை வரை வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. அங்கேயே நிற்கிறது. பிறகு திரும்பிப் போகிறது.

சித்திரை 1, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடியை நாக்கில் தொட்டு வைத்தாள். கசப்பு தெரிந்தது. வெல்லம் தெரியவில்லை.

சித்திரை 19, வியாழன்

வலி. எழுத வேண்டாம் என்று தமயந்தி சொன்னாள். வலி என்று மட்டும் எழுது என்றேன்.

பேனா எடுத்துவிட்டாள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தயாளன் கேட்டான், எதை வைத்துப்பா அந்த ஆள் பேச்சைக் கேட்டே என்று. விலகி நின்றவன் எல்லோரும் பிழைத்தான் என்று இல்லை. விலகி நின்று, வேறொரு நாள் குதித்து, கால் உடைந்து, வீட்டுக்குப் போனவனும் உண்டு. ஆனால் பின்னால் நிற்கிறவன் பார்த்துச் சொன்னால் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவன் எதற்கு அங்கே நிற்கிறான். அவன் ஒருமுறை சொல்லி ஒருத்தன் கேட்காமல் போய்விட்டான். இரண்டாவது தடவையும் அவன் கையில் காற்றைக் கொடுக்க எனக்கு மனசு இல்லை.

இதை உன் புருஷனுக்குப் படித்துக் காட்டு, தமயந்தி. அந்த அப்பலநாயுடு கதையையும் சேர்த்து.

வைகாசி 1, செவ்வாய்

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே ரோட்டில் நிற்கிறது. அம்மன் தலை வருகிற வழியெல்லாம் தேங்காய் உடைக்கிற சத்தம், தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. பம்பைச் சத்தம் கேட்டது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். இரண்டு கோழிகளும் எதிர்வீட்டு மதில்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தன.

தயாளன் வெளியே போனான். தேங்காய் உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது தேசிங்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். தயாளன் நாற்காலியை எடுத்துப் போட்டான்.

தேசிங்கு இளைத்திருக்கிறான். நான் கேட்கவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை. சிரசு பார்த்துவிட்டேன் என்றேன். ஆமாம், பார்த்துவிட்டாய் என்றான். பெயரும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

வைகாசி 3, வியாழன்

மெதுவாகத்தான் சொல்கிறேன். தமயந்தி காதை என் வாயருகே வைத்து எழுதுகிறாள்.

கஞ்சி நேற்றோடு நின்றது. வயிறு வாங்கவில்லை.

தேசிங்கு இன்று தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தான். கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தான். போர்வையைக் காலடியில் இழுத்துச் சொருகினான். குழாய் மடங்கியிருந்தது, நீட்டிவிட்டான். தலையணையை நிமிர்த்தினான். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகு முழுவதும் கையால் தடவிப் பார்த்தான், புண் எங்கேயாவது இருக்கிறதா என்று. இல்லை. தமயந்தி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். தயாளன் பக்கம் திரும்பி, கணக்கு வழக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா டயர் என்று கேட்டான். இல்லை மாமா என்றான் தயாளன். அழுதுகொண்டே சொன்னான்.

பிறகு தலைமாட்டில் வந்து நின்றான். எனக்கு அவன் முகம் தெரியவில்லை. 

தோளில் தட்டினான். கை ஆடவில்லை.

"போடா கோழி."